பின்சீட்டில் இடது பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் முழங்காலும் உன் மனைவியின் கடைவாய்ப் பல்லும் நலமடைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விஷயம் அந்தக் காரைப் பற்றியது. உன் அத்தான் போனபின் ஒன்றரை வருடம் ஷெட்டில் சும்மா நின்ற சின்னக் காரை, நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் உங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்கச் சொன்னவன் நீதான். கொடுத்தேன். கொடுக்கும்முன் ஏசி துவாரங்களைக்கூடப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தேன். படிவத்தில் ‘குறைகள்’ என்ற கட்டத்தில், வைப்பர் கிறீச்சிடும், இடது பின்கதவை ஓங்கிச் சாத்த வேண்டும், ஸ்டெப்னியில் ஒட்டு இருக்கிறது, பெட்ரோல் முள் கால்வாசிக்குக் கீழே பொய் சொல்லும் என்று நான்கையும் எழுதினேன். தெரிந்த குறையை மறைப்பதும் பொய்தான் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் என் உள்ளங்கையில் சொல்லிக்கொடுத்தது இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட எனக்கு உங்கள் செயலாளர், ‘முக்கியக் குறை ஒன்றைத் தாங்கள் தெரிவிக்கவில்லை, வாகனத்தைத் திருப்பி அனுப்புகிறோம்’ என்று எழுதியிருக்கிறார். என்ன குறை என்று எழுதவில்லை. அந்த மரியாதைகூட இல்லை.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு உங்கள் டிரைவர் காரோடு வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், நிதானமான ஆள். உள்ளே வந்தவர் கேட்டைப் பாதி சாத்திவிட்டு வந்தார். “கேட்டை முழுசாச் சாத்துங்க. பாதி சாத்தினா சாத்தாத மாதிரிதான்” என்றேன். மனிதர் கேட்டின் மேல் கைவைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மா, நீங்கதானா அது?”

“எது?”

“பின்சீட்டுல பேசுறது.”

நான் உயிரோடு, இஸ்திரி போட்ட புடவையில், அவர் எதிரில் நிற்கிறேன். ஆவியாக அலைவதற்கு ஒரு தகுதி வேண்டாமா? உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வண்டி கிளம்பினதும் பின்சீட்டில் இடது பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்கிறதாம். ‘இரண்டாவது கியருக்கு வாங்க. முன்னால சைக்கிள். அவர் திரும்பிப் பாக்க மாட்டார்.’ அப்புறம் ஒரு மூச்சு நேரம் மௌனம். அப்புறம், ‘காதுல விழுந்துதா?’ இவருக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள் வேலையை விட்டு ஓடிவிட்டார்களாம். நோயாளிகள் மட்டும் ஓடவில்லை. ஓட முடியாது, பாவம். ஆனால் யாரும் சொல்லாமலே எல்லாரும் வலது பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்து இடது பக்கத்தைக் காலியாக விடுகிறார்கள். “அந்தம்மா இருந்தா வண்டி எங்கயும் இடிக்காதுய்யா” என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சொல்கிறாராம். எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

“வண்டிய விட்டுட்டுப் போகச் சொல்லியிருக்காங்கம்மா” என்றார். முடியாது என்றேன். தம்பி, உனக்கு மட்டும் சொல்கிறேன். என் சமையலறை ஜன்னலில் நின்றால் ஷெட் தெரியும். ஷெட் காலியாக இருந்தால் உன் அத்தான் எங்கோ வெளியே போயிருக்கிறார் என்று தோன்றும். கார் நின்றால் அவர் எங்கேயும் போகவில்லை என்று தெரிந்துவிடும். அதனால்தான் கொடுத்தேன். நோயாளிகள் மேல் கருணையால் என்று நீ ஊரெல்லாம் சொன்னது அரைப் பொய்.

ஆகவே அது என் குரல் இல்லை என்று நிரூபிக்க ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று நானே சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்தால் அவர் என்னைப் பார்த்துப் பேசுவார், ரோட்டைப் பார்க்க மாட்டார். அன்று முதல் தடவையாக முன்னால் உட்கார்ந்தேன். தெருமுனை தாண்டவில்லை, என் பிடரிக்குப் பின்னாலிருந்து ‘அந்த லாரி திடீர்னு பிரேக் போடும், பாருங்க’ என்று கேட்டது. லாரி பிரேக் போட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் கோழையில்லை, ஆனால் கழுத்து திரும்பவில்லை. மருந்துக்கடை தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, சொல்லிக்கொண்டே வந்தது. எல்லாம் சரியாகத்தான் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த மௌனம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் அவருக்கு ஒரு தடவைகூட அப்படிப் பதில் சொல்ல இடைவெளி விட்டதில்லை. அப்படியானால் அது நான் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஐந்தாவது மௌனத்தில், யாராவது ஏதாவது சொன்னால்தான் நிற்கும்போல் இருந்தது. “சரிம்மா” என்றேன். அது உன் அத்தான் சொல்லும் வார்த்தை. அதற்குப் பிறகு வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

இறங்கி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ செயலாளரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அது என் குரல் இல்லை, நான் எதையும் மறைக்கவில்லை. இரண்டு, அந்தக் கார் இனி இந்தக் கேட்டுக்குள் வரக் கூடாது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே எழுதியது எதையும் செயலாளரிடம் சொல்லாதே. அன்று காரைவிட்டு இறங்கியதிலிருந்து எனக்குக் குரல் வரவில்லை. அதனால்தான் கடிதம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை தங்கமாக இருக்கிறது என்கிறார். இன்று காலை டிரைவர் நலம் விசாரிக்க வந்தார். கார் கேட்டுக்கு வெளியே நின்றது. இப்போதெல்லாம் மௌனம் வருவதில்லையாம், ஓர் ஆண்குரல் பொறுமையாகப் பதில் சொல்கிறதாம். என்ன சொல்கிறார் என்று கேட்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஒரு தாளை எடுத்து, ‘ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள். நான் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்தார். காரைத் திரும்பிப் பார்த்தார். தாளை நாலாக மடித்து என் கையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: “அங்கதான் உக்காந்திருக்கீங்களேம்மா.”