ஏரிக்கரை உடைசல் மேட்டை நான் காணாமல் போக்கிய விதம்

என் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரைகூடக் கிடையாது. இதில் அரசாங்கத்தின் தவறு எதுவும் இல்லை. முழுப்பொறுப்பும் என்னுடையது.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். சுற்றுச்சூழல் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர், பத்து நாள் களப்பயிற்சிக்கு எங்கள் ஊருக்கு வருவதாக ஏற்பாடு. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் நான். (அடையாள அட்டையோடு குளித்தேன் என்று மனைவி சொல்வது பொய். துவட்டிய பிறகுதான் மாட்டினேன்.) பயிற்சி முடிந்ததும் உள்ளூர்க்காரர் ஒருவரை மூன்று வாரம் அவர்கள் நாட்டுக்கு அழைத்துப்போவார்கள். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்போர்ட் எடுத்தது அதற்காகத்தான்.

அவர்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் இடத்தின் வரைபடம். போய்ப் பார்த்தால், ஏரிக்கரையில் பீங்கான் பட்டறைக்காரர்கள் வருஷக்கணக்காகக் கொட்டிய உடைசல் மேடு. உடைந்த ஜாடி, ஃப்யூஸ் கட்டை, மேலே கருவேலம். எனக்கு மானமே போய்விட்டது. மீதி மூன்று பக்கங்களைப் படிக்காமல் ஜேசிபி ஓட்டும் காதர் பாயைக் கூப்பிட்டேன். மங்கலம்பேட்டைக்காரர்.

"இதையா சார் எடுக்கணும்? அது பாட்டுக்குத்தான இருக்குது?"

"வெள்ளக்காரங்க வராங்க பாய். இங்க கொண்டாந்து நிக்க வச்சா நம்ம ஊரப் பத்தி என்னா நெனப்பாங்க?"

இரண்டே நாளில் மேடு தரையானது. வழியின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டேன். மாணவர்கள் வரும் பஸ் வேப்பூர் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும், மிச்சமிருந்த மூட்டையை வீணாக்காமல் ஏரி ஓரத்தில் தூவினேன்.

மாணவர்களோடு வந்த பேராசிரியை பஸ்ஸை விட்டு இறங்கினார். வரைபடத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மேடு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சுத்தமாக எடுத்துவிட்டேன், மேடம்."

மீதி மூன்று பக்கங்களில் இருந்ததை அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த உடைசலில் என்ன செடி முளைக்கிறது, அதிலிருந்து ஏரியில் என்ன கலக்கிறது என்பதுதான் அவர்களுடைய பாடமே. அதற்குள் ஒரு மாணவி ஏரித் தண்ணீரைச் சோதித்துவிட்டு, நீச்சல்குளம் போலிருக்கிறது என்றாள்.

காதர் பாய் என் பக்கத்தில் வந்தார். "சார், வேணும்னா திரும்பக் கொட்டிரட்டுங்களா?"

இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியை அவரிடம், தோண்டும்போது எதன்மேல் எது இருந்தது என்று கேட்டார்.

"அடியில கருப்பு மண்ணு மேடம். அதுக்கு மேல ஒரு மொழம் வெள்ள மாவு. ஜாடியெல்லாம் கெழக்காலதான் கெடந்துது."

பத்து நாளும் பன்னிரண்டு நோட்டுப் புத்தகங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. நான் டீ வாங்கிக்கொடுத்தேன்.

வெளிநாடு போனவர் காதர் பாய். அங்கிருந்து எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "சார், இங்க இவங்க குப்பைய யாரும் தொடறதில்ல. சுத்தி வேலி போட்டு வச்சிருக்காங்க."

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது. இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் அறைக்குள் கால் வைக்க இடமிருக்காது. துணிக்குவியலை எடுத்துவைக்கலாமென்று நான் குனிந்தால் போதும், படுத்தபடியே சொல்வாள்:

"கைய வெக்காதப்பா. பஸ்ஸு வேப்பூர் தாண்டிடுச்சாம்."