டத்தோவுக்கு என்ன சாப்பாடு?

திங்கட்கிழமை காலை நாய் சொறிய ஆரம்பித்தது. கதிர்காமநாதன் தேநீரை அப்படியே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குனிந்தார்.

சொந்த நாயாக இருந்தால் சொறிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். இது மனேஜர் லிங்கேஸ்வரனின் நாய். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் கதிர்காமநாதன் பெட்டி தூக்குகிற கிடங்குக்கு மனேஜர் அவர்தான். அந்தக் கிடங்கில் சூப்பர்வைசர் பதவி காலியாக இருந்தது. சொந்த ஊரான கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கும் மனேஜர், திரும்பி வந்ததும் ஆளைச் சொல்வார். போகும்போது நாயைக் கதிர்காமநாதனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அத்தனை பேர் இருக்க, அவரிடம்! இதற்குப் பொருள் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

சூப்பர்வைசருக்கு நாற்காலி உண்டு. வருடக்கணக்காகப் பெட்டி தூக்கி இடுப்பு விட்டுப்போன மனிதருக்கு அந்த நாற்காலி கனவில்கூட வந்தது. சுழலும் நாற்காலி.

நாயின் பெயர் டத்தோ. மலேசியாவில் பெரிய மனிதர்களுக்கு அரண்மனையில் கொடுக்கிற பட்டம் அது. வெள்ளை வெளேரென்ற சுருட்டை முடியோடு சோபாவில் ஏறி உட்கார்ந்து, மவுண்ட் ஆல்பர்ட்டில் கதிர்காமநாதனின் பழைய மரவீட்டை அது பார்த்த பார்வைக்குப் பட்டம் பொருத்தமாகத்தான் இருந்தது.

"சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது, சேர்?" என்று கதிர்காமநாதன் மனேஜரிடம் முதலிலேயே கேட்டிருந்தார்.

"அதுக்கெல்லாம் மெனக்கெட வேணாம்லா, நாதன். உங்க வீட்டுல என்ன சாப்பிடுறீங்களோ அதையே போடுங்க, போதும்."

கதிர்காமநாதன் இதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர் "இருக்கிறது போதும்" என்பார்; வீட்டுக்காரர் உடனே மூன்று கறி வைப்பார். நம் ஆட்களுக்குள் நடக்கிற சங்கதிதானே இது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு மிச்சச் சோற்றைப் போட்டவனை எவன் சூப்பர்வைசர் ஆக்குவான்? அதுவும் வீட்டில் கந்தசஷ்டி விரதம். மனைவி யோகராணியின் ஆட்சியில் சோறு, பருப்பு, பூசணிக்காய் தவிர எதுவும் அடுப்பேறவில்லை. டத்தோவுக்குப் பூசணிக்காயா?

ஆகவே, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய உலர்ந்த தீனியை, ஆட்டிறைச்சி போட்டுச் செய்தது என்று மூட்டையில் எழுதியிருந்ததை, ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வைத்தார். டத்தோ ஆசையாகத் தின்றது. தட்டை நக்கி நக்கிக் கூடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது. அடுத்த நாள்தான் இந்தச் சொறி.

"காஞ்ச சாமானைக் குடுத்தா உடம்பு சூடாகும்தானே?" என்றாள் யோகராணி. "ஈரமா ஏதாவது குடுங்கோ."

"ஈரமா எண்டா?"

"சோறும் பருப்பும்."

"மனேஜரின்ரை நாய்க்குப் பருப்போ? நீர் என்னை வேலையை விட்டுக் கலைக்கப் பாக்கிறீர்."

செல்லப்பிராணிக் கடையில் நின்ற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் நாய்ப் படம் வரைந்த சட்டை போட்டிருந்தபடியால் அவளை நம்பினார். நாய் என்பது அடிப்படையில் ஓநாய், அரிசியும் கோதுமையும் கலந்த தீனி அதற்கு ஆகாது, முழுக்க இறைச்சி அடைத்த டின் உணவுதான் சரி என்று அவள் பாடம் எடுத்தாள். ஆடு, மாடு, கோழி, தாரா வாத்து என்று ஒரு கூடை நிறைய அள்ளினார்.

கூடையைச் சட்டையால் மூடிக்கொண்டு, கிடங்கு ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தபிறகே காசு கட்டினார். காரணம் இருந்தது. போன கோடையில் கிடங்கு விருந்தில் மனேஜர் தன் கையாலேயே கோழி சுட்டார். வெளியே கரி, உள்ளே இரத்தம். எல்லோரும் முழிபிதுங்கி மென்றுகொண்டிருந்தபோது, கதிர்காமநாதன் கும்பிட்டு, "நான் மச்சம், இறைச்சி ஒண்டும் தொடுறதில்லை, சேர்" என்று தப்பித்துக்கொண்டார். "இந்தக் கட்டுப்பாடுதான்லா மனுசனுக்கு வேணும்" என்று மனேஜர் எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து மதிய இடைவேளையில், காருக்குள் குனிந்து உட்கார்ந்துதான் ஆட்டிறைச்சிக் கறியும் பிட்டும் சாப்பிட வேண்டியிருந்தது. நாற்காலிக்காக எதையும் தாங்கலாம்.

முதல் டின்னைக் குசினியில் திறந்தார். வாசம் சாமியறை வரை போனது.

"இஞ்சாருங்கோ! சஷ்டி நேரத்திலை வீட்டுக்குள்ளை மாடோ?"

"மாடில்லையப்பா, தாரா."

"ரின்னிலை மாட்டுப் படம் கிடக்கு!"

அத்தோடு நாயும் டின்னும் கராஜுக்கு நாடு கடத்தப்பட்டன. துணைக்குக் கதிர்காமநாதனையும் அனுப்பிவிட்டு, யோகராணி வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கராஜில் டத்தோ டின் டின்னாக வெளுத்துக் கட்டியது. கதிர்காமநாதன் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து பூசணிக்காய்க் கறியைப் பிசைந்துகொண்டே, யார் கொடுத்துவைத்தவர் என்று யோசித்தார்.

புதன்கிழமை நாய்க்கு முடி கொட்டத் தொடங்கியது.

பக்கத்து வீட்டுக் குலசிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"கதிர், நீ பிழை விடுறாய். தனிய ரின்னும் சரிவராது, தனிய பிஸ்கட்டும் சரிவராது. ரெண்டையும் குழைச்சுக் குடு. தோலுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசு. ஊரிலை நான் எத்தினை நாய் வளர்த்தனான் தெரியுமே?"

"அதுகள் சுகமா இருந்ததோ, அண்ணை?"

"அது தெரியாது. எல்லாம் ஓடிட்டுதுகள்."

வேலை முடிந்த கையோடு சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவுக்குப் போய் வேப்பிலையும் மஞ்சளும் வாங்கி வந்து, அரைத்துப் பூசி, ஊறவிட்டுக் குளிப்பாட்டினார். வேப்பிலை போய்விட்டது. மஞ்சள் போகவில்லை. ஆங்காங்கே வழுக்கை விழுந்த மஞ்சள் நாய் ஒன்று அவரைப் பார்த்து வாலாட்டியது.

கைபேசி மணி அடித்தது. கோலாலம்பூர்.

"நாதன், டத்தோ எப்படி இருக்கான்? ஒரு படம் அனுப்புங்கலா!"

முதல் நாள் எடுத்த படத்தை அனுப்பினார். மறுநாளும் கேட்டார்கள், அதே படம் போனது. அதற்கும் அடுத்த நாள் மனேஜரின் மனைவி பேசினார். "ஏன் எல்லாப் படத்துலயும் ஒரே மாதிரி உக்காந்திருக்கு? உசுரோட இருக்கா?"

"நல்ல ஒழுக்கமான நாய், அம்மா. அசையாது" என்றார் கதிர்காமநாதன், சொறிகிற சத்தம் கேட்காதபடி இருமிக்கொண்டே.

"மிருக வைத்தியரிட்டை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றாள் யோகராணி. இப்போது அவளுக்கே பாவமாகிவிட்டது.

"கழுத்துக்குள்ளை மனேஜரின்ரை பேர் பதிஞ்ச சிப் வைச்சிருக்கு. அங்கை கொண்டுபோனா மனேஜருக்குத்தான் முதல் போன் போகும்."

வெள்ளிக்கிழமை கிடங்கில் ஓவர்டைம். அவர் வந்து சேர இருட்டிவிட்டது. டின் தீர்ந்திருந்தபடியால், யோகராணி நாயைக் குளிரில் விட மனமில்லாமல் குசினிக்குள் எடுத்து, காலையும் மாலையும் பருப்புச் சோறு போட்டிருந்தாள். சனிக்கிழமை விடிந்தபோது டத்தோ சொறியவில்லை. யோகராணியின் காலடியில் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

கதிர்காமநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? பாரும், சொறியக்கூட உடம்பிலை தெம்பில்லை!"

"அது நிம்மதியாக் கிடக்குதப்பா."

"நிம்மதியோ? சாகக் கிடக்குது! பருப்பிலை என்ன சத்து இருக்கு?"

கடைக்கு ஓடினார். மூன்று வேளையும் இரண்டு டின், மேலே ஒரு கை உலர்ந்த தீனி. மாலையே டத்தோவுக்குத் தெம்பு திரும்பியது. முன் கால், பின் கால் எல்லாவற்றாலும் சொறிந்தது. கதிர்காமநாதனுக்கு உயிர் வந்தது.

ஞாயிறு மதியம் மனேஜரின் கார் வந்து நின்றது. லிங்கேஸ்வரன் சிரித்த முகத்தோடு இறங்கினார். கூடவே அவருடைய மகள் விஷாலினி, பதினாறு வயது இருக்கும்.

"நாதன், ரொம்ப நன்றிலா! நாளைக்குக் காலையில முதல் வேலையா நம்ம ரெண்டு பேரும் பேசணும். நல்ல விஷயம்தான். எங்க டத்தோ?"

கதிர்காமநாதனின் காலுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

"இது யாரு?" என்றார் லிங்கேஸ்வரன்.

"டத்தோதான், சேர்."

லிங்கேஸ்வரனின் சிரிப்பு உதிர்ந்தது. கதிர்காமநாதன் பதறிப்போனார். நாற்காலி கண் முன்னால் சுழன்று சுழன்று தூரப் போனது. எதையாவது சொல்லிப் பிடித்து நிறுத்த வேண்டும்.

"சாப்பாட்டிலை மட்டும் ஒரு குறையும் வைக்கேல்லை, சேர்! வந்து பாருங்கோ!"

கராஜ் கதவைத் திறந்து காட்டினார். சுவர் உயரத்துக்கு வெறும் டின்கள். பக்கத்தில் பாதி தீர்ந்த தீனி மூட்டை.

"ஆடு, மாடு, கோழி, தாரா, எல்லாம் முதல்தரச் சாமான். நீங்கள் பெருந்தன்மையா, வீட்டிலை இருக்கிறதைப் போடச் சொன்னீங்கள். அதுக்காக நான் அப்பிடிச் செய்வனே, சேர்? எனக்கு மரியாதை தெரியும்."

லிங்கேஸ்வரன் ஒரு டின்னை எடுத்து அதிலிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தார். விஷாலினி குனிந்து நாயை வாரி எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அங்கிள், டத்தோவுக்கு மீட் அலர்ஜி, இறைச்சியே ஒத்துக்காது. அப்பா வேலை செய்யுற இடத்துலயே மீட் தொடாத ஆள் நீங்க ஒருத்தர்தான்னு சொல்லித்தானே இவனை உங்ககிட்ட விட்டோம்?"