கோட்டுக்குள் போன கால்

பங்காளி மேல் பொறாமைப்பட்டால் உலகம் புரிந்துகொள்ளும். வரப்பு, கிணறு, வழித்தடம் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் பட்டால் அதற்கும் மன்னிப்பு உண்டு. சகலை மேல் பொறாமைப்படுகிறவன் பாடுதான் பரிதாபம். அதை வெளியில் சொல்ல முடியாது. யாரிடம் சொன்னாலும் சுற்றிச் சுற்றி மனைவியின் காதுக்கு வந்து, அங்கிருந்து மாமனார் வீட்டுக்குப் போய்விடும். உள்ளேயே வைத்துப் புழுங்க வேண்டியதுதான். நான் அப்படிப் புழுங்கியது சேலத்தில் ஒரு கால்பந்து மைதானத்தின் ஓரத்தில்.

யுத்த காலம். நான் ஒரு பஞ்சாலையில் கிடங்குக் குமாஸ்தா. எங்கள் ஆலைக்கு ஒரு டீம் இருந்தது. முதலாளி பெங்களூர், கோலார் என்று எங்கெங்கிருந்தோ ஆட்களைப் பிடித்து வந்து, பேருக்கு ஒரு வேலை போட்டு, பந்து உதைப்பதற்கே சம்பளம் கொடுத்தார். ஏட்டில் அவர்கள் தறிக்காரர்கள். தறி எந்தப் பக்கம் இருக்கிறதென்று கேட்டால் முழிப்பார்கள். கேப்டன் ஆரோக்கியசாமி மட்டும் சேலத்துக்காரர், மாதா கோவில் பங்கில் பிறந்து வளர்ந்தவர். சென்டர் பார்வர்டு. அவர் பந்தோடு ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். கோல்கீப்பர் துரைராஜுக்குச் சளி பிடித்தால் எனக்கு மூக்கடைக்கும். டீம் தோற்ற அன்றைக்கு நான் வீட்டில் சாப்பிட மாட்டேன். (தோற்பார்கள் என்று நினைத்தால் என் மனைவி பாவாயி அரிசியைக் குறைத்துத்தான் போடுவாள். எதிர்பாராமல் ஜெயித்துத் தொலைத்தால் மறுபடியும் உலை வைக்க வேண்டும் என்று அவளுக்கு எரிச்சல்.)

இத்தனைக்கும் டீமில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பயிற்சி நடக்கும்போதெல்லாம் கோலுக்குப் பின்னால் நிற்பேன். ஆரோக்கியசாமி என்னிடம் பேசிய ஒரே வார்த்தை, "பந்து அந்தப் பக்கம் விழுந்துடுச்சு, எடுத்துப் போடுங்க" என்பதுதான். அதையே நான் பெரிய சிநேகிதமாக ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தில் என் மாமனார் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி, கேப்டனும் நானும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிகிறவர்கள் என்ற எண்ணத்தால் வந்தது. அந்த எண்ணத்தை நான் கலைக்கவில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்து மைதானம் காய்ந்த சமயத்தில் பாவாயியின் தங்கை செல்லாயிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ராசிபுரத்தில் நெய் வியாபாரம், பெயர் நாச்சிமுத்து. வெள்ளை மனசுக்காரர். என்னை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடுவார். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன்; கிடைக்கவில்லை. அதுவே பெரிய குறையாகப் பட்டது.

சீசனின் முதல் ஆட்டத்தன்று அவர் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். பெட்ரோல் பஞ்சத்தில் ராசிபுரத்திலிருந்து கரியில் ஓடும் பஸ். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளியதில் முகமெல்லாம் கரி. கையில் செல்லாயி சுட்டுக் கொடுத்த நெய்க் கச்சாயம் ஒரு தூக்கு நிறைய.

"ஏனுங்க, அவரையும் பந்து பாக்கக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் பாவாயி.

எனக்கும் சந்தோஷம்தான். நம் பெருமையைக் காட்ட ஆள் வேண்டாமா? முன்வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக விளக்கினேன். அவருடைய கவனம் முழுக்க எங்கள் கோல்கீப்பர் மேலேயே இருந்தது.

"அண்ணா, அத்தனை பேரும் அந்த ஓட்டம் ஓடறாங்க. அவரு மட்டும் ஏனுங்க தனியா நிக்கறாரு? ஒடம்பு செரியில்லீங்களா?"

"அவரு வேலையே நிக்கறதுதான்" என்றேன்.

நம்பவில்லை. இடைவேளையில் நான் வெற்றிலை வாங்கித் திரும்புவதற்குள் தூக்கை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்குள் போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் ஒரு நாளும் கோட்டைத் தாண்டியவனல்ல. இவரோ துரைராஜின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடில்லீங்க, பசிதான். சாப்பிடுங்க சாமி" என்று கச்சாயத்தை நீட்டிக்கொண்டிருந்தார். துரைராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டுத் தின்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிராளிகளுக்குப் பெனால்டி. துரைராஜ் பூனை மாதிரி பாய்ந்து பந்தைப் பிடித்தார். ஜெயித்தோம். துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு நான் கத்திக்கொண்டிருக்கும்போது ஆரோக்கியசாமியே எங்களை நோக்கி வந்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வந்தவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார். தள்ளிக்கொண்டேன். என் சகலையின் இரண்டு கைகளையும் பிடித்து, "உங்க பேரு என்னங்க? உங்க கை ராசியான கைங்க. அடுத்த ஆட்டத்துக்கும் கண்டிப்பா வரணும்" என்றார்.

அன்று ஜெயித்தும் நான் சாப்பிடவில்லை. பாவாயிக்குக் கணக்குப் புரியவே இல்லை.

இரண்டாவது ஆட்டத்தன்று ராசிபுரத்தில் சந்தை. சகலை வரவில்லை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: உள்ளூர எனக்குக் கொண்டாட்டம். அவர் இல்லாமலே ஜெயித்தால் ராசியாவது மண்ணாவது என்று ஆகிவிடும் அல்லவா? தொண்டை கிழியக் கத்தினேன். எதிரே ஆடியது சப்பையான டீம். அவர்களிடம் போய் எங்கள் ஆட்கள் தோற்றார்கள். துரைராஜின் கைக்குள் வந்த பந்து வழுக்கிக்கொண்டு வலைக்குள் போனது.

மறுநாள் பஞ்சுக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறேன், வாசலில் ஆரோக்கியசாமி. என்னைத் தேடி வந்திருக்கிறார்! எடைக்காரர், கூலிக்காரர் எல்லோரும் பார்க்கிறார்கள். மேலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு ஓடினேன்.

"நீங்கதானே அந்த நெய்க்காரருக்குச் சொந்தம்? அவரு நேத்து ஏன் வரலைங்க?" என்றார்.

ஆக, எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. நெய்க்காரருக்குச் சொந்தம்.

செய்தி புதுச்சத்திரத்துக்குப் பறந்தது. மாமனார் பஸ் நிற்குமிடத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சேலத்து மில்லுல எங்க சின்ன மாப்பிள்ளை இல்லாம ஆட்டமே நடக்காதுங்களாமா" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. பெரிய மாப்பிள்ளை என்று ஒருவன் அங்கேயே வேலை பார்ப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு மொத்தக் குடும்பமும் கிளம்பி வருவதென்று முடிவானது. சகலைக்கு ஆலை மானேஜர் பக்கத்தில் நாற்காலி. நான் வழக்கம்போல் தரையில்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு டீமும் ஓர் ஆளைத் தர வேண்டும். எங்கள் கொடிக்காரருக்குக் காய்ச்சல். மானேஜரிடம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கிவிட்டேன். நாற்காலி எங்கே, கொடி எங்கே! நாற்காலியில் எவன் வேண்டுமானாலும் உட்காரலாம். கொடி என்றால் அதிகாரம்.

ஆட்டத்துக்கு நடுவர் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரச் சாமியார். புத்தகத்தில் தமிழ் படித்தவர்; எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஆட்டத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "பந்து கோட்டைக் கடந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டார்.

"கொடியைத் தூக்குவேனுங்க சாமி."

"கடக்காவிட்டால்?"

"சும்மா நிப்பேனுங்க."

"நன்று. போய் நில்லும்" என்றார்.

கொடிக்காரர் அரை டிரவுசர் போட வேண்டுமென்று விதி. இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அது என்னைப் போல் இரண்டு பேருக்குத் தைத்தது. புளிய மரத்தடியில் பெண்கள் கூட்டத்தில் பாவாயி என் கால்களைப் பார்த்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். (வெட்கத்தால் என்று அன்று நினைத்தேன். சிரிப்பை அடக்குவதற்காம்.)

ஆட்டம் மும்முரமானது. ஆளுக்கொரு கோல். நான் கொடியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடினேன். ஆனால் கண், பாழாய்ப்போன கண், பந்தைப் பார்க்காமல் நாற்காலியையே பார்த்தது. மானேஜர் சகலைக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுக்கிறார். மாமனார் பின்னாலிருந்து விசிறுகிறார். ஆரோக்கியசாமி அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார். கொடியோடு நான் நிற்பதை ஒரு ஜீவன் கவனிக்கவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் நிற்கும்போது பந்து உருண்டு என்னை நோக்கி வந்தது. எங்கள் ஆள் உதைத்தது, கொஞ்சம் நீளமாகிவிட்டது. இன்னும் ஒரு முழம் உருண்டால் கோட்டைத் தாண்டி எதிராளிக்குப் போய்விடும். அதைத் துரத்தி வருகிற எங்கள் ஆளால் எட்ட முடியாது. எதிரே ஆரோக்கியசாமி தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு, எவனாவது கொடுக்க மாட்டானா என்று நிற்கிறார்.

என் வலது கால் கோட்டுக்குள் போனது. பந்தை நிறுத்தியது. ஆரோக்கியசாமிக்குத் தட்டிவிட்டது.

அதுவரை நான் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. இந்தப் பந்து நூல் பிடித்த மாதிரி அவர் காலில் போய் உட்கார்ந்தது. அவர் ஒரே அடி. கோல்!

மைதானமே எழுந்து கூத்தாடியது. யாரோ என்னைத் தூக்கினார்கள். நான் கொடியை ஆட்டிக்கொண்டே நாற்காலியைப் பார்த்தேன். சகலையும் எழுந்து நின்று, "எங்க அண்ணனுங்க! எங்க அண்ணனுங்க!" என்று குதித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணம் நான் சேலம் ஜில்லாவுக்கே ராஜா.

விசில் நீளமாக ஊதியது. சாமியார் அங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். கூட்டம் அடங்கியது. என்னைத் தூக்கியவர்கள் கீழே போட்டார்கள்.

"மகனே, நீர் யார்?"

"கொடிக்காரனுங்க சாமி."

"கொடிக்காரர் ஏன் பந்தை உதைத்தீர்?"

"நான் உதைக்கலீங்க சாமி. காலு தானா போயிருச்சுங்க."

"அந்தக் காலை அழைத்துக்கொண்டு வெளியே போம்" என்றார்.

கோல் செல்லாது. கொடியைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இங்கே இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே அறியாத நேர்மையான மனிதர் யாராவது உண்டா?" என்று கேட்டார். மானேஜர், துரைராஜ், என் மாமனார், அத்தனை விரல்களும் ஒரே ஆளைக் காட்டின.

நாச்சிமுத்து தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணா, நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. ஆட்டம் நிக்கக் கூடாதுன்னுதானுங்க" என்று சொல்லிவிட்டு, விபூதி வாங்குவது போல இரண்டு கைகளையும் நீட்டிக் கொடியை வாங்கினார்.

எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. காலியாக இருந்தது ஒரே இடம், அவருடைய நாற்காலி. போய் உட்கார்ந்தேன். மானேஜர் தன் நாற்காலியை ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். விசிறியின் காற்றும் நின்றுபோனது.

கடைசி நிமிஷத்தில் ஆரோக்கியசாமி இன்னொரு கோல் போட்டார். நாங்கள் கூத்தாடி முடிப்பதற்குள் பார்த்தால் கொடி மேலே நிற்கிறது. சாமியார் போய்க் கேட்டார்.

"பந்து முன்னாலயே கோட்டத் தாண்டிப்போச்சுங்க சாமி. நானு கண்ணால பாத்தேனுங்க" என்றார் என் சகலை, தேம்பாத குறையாக.

அந்தக் கோலும் போயிற்று. ஆட்டம் சமம். இதையே நான் செய்திருந்தால் என்னைப் பஞ்சோடு பஞ்சாகக் கட்டி அனுப்பியிருப்பார்கள். அவரை ஒருவர்கூட ஏசவில்லை. "அவரு சொன்னா அது சரியாத்தானுங்க இருக்கும்" என்று ஆரோக்கியசாமியே சொன்னார். ஏச்செல்லாம் எனக்குத்தான் வந்தது.

எல்லோரும் கலைந்தபின் ஆரோக்கியசாமி என் அருகில் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். "உள்ளபடி சொல்றேங்க. இந்த சீசன்ல எனக்கு இப்படி ஒரு பாஸ் யாருமே கொடுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடனே சுற்றுமுற்றும் பார்த்தேன், சகலை காதில் விழுந்ததா என்று. விழுந்திருந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாகப் பூரித்துப் போனார். பொறாமைப்படத் தெரியாத மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அதற்கப்புறம் எனக்குக் கொடி கிடையாது என்று சொல்ல வேண்டியதில்லை. கோட்டிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வேண்டுமென்று மானேஜர் உத்தரவு போட்டார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது அடுத்தவர் பேச்சில் நடுவே புகுந்தால், "காலு தானா போயிருச்சாக்கும்?" என்றுதான் கேட்பார்கள். பேரன் பேத்திகளுக்கு அது எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் வாயில் வருகிறது.

போன தை மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், புது சம்பந்தி வீட்டார் அதற்கு அர்த்தம் கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பாவாயி என் முழங்காலைத் தட்டி, "நீங்க இருங்க, அவரு சொல்லட்டும்" என்றாள். நாச்சிமுத்து சொன்னார். சாமியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை நடந்து காட்டினார், என் டிரவுசரை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். சம்பந்தி வீட்டார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பந்தலே சிரித்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, என் மானம் போன கதையைக்கூட என்னைவிட அவர் நன்றாகச் சொல்கிறாரே என்று புழுங்கிக்கொண்டிருந்தேன்.