கத்திரிக்காட்டில் ஒரு காலி பாட்டில்

கத்திரிச் செடிக்கடியில் கிடந்ததைச் செங்கோடன் குனிந்து எடுத்தார். காலியான பூச்சிமருந்து பாட்டில்! மருந்து வாடையே படாமல் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த காடு அது.

"ராசாத்தி! எவனோ நம்ம குடியக் கெடுத்துட்டான்!"

"ஐயோ சாமி! இன்னிக்கிப் பாத்தா? குழு ஆளுங்க இப்ப வந்துருவாங்களே!" மனைவி ஓடி வந்தாள்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் அரை ஏக்கர் வைத்திருப்பவர் பெரிய கம்பெனியைக் கூப்பிட்டு இயற்கை விவசாயச் சான்று வாங்குவதென்றால், காட்டை விற்றுத்தான் வாங்க வேண்டும். அதனால் அக்கம்பக்கத்தார் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் காட்டை ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போடும் மலிவான சான்றுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் தப்பு செய்தாலும் அத்தனை பேர் சான்றும் போச்சு. அப்புறம் சேலத்துக் கடைக்காரர் இவர் காயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"வந்தவங்ககிட்ட உள்ளதச் சொல்லிப்போடலாமுங்க" என்றாள் ராசாத்தி.

"சொன்னா எவன் நம்புவான்? நீ சும்மா இரு!"

பாட்டிலைக் கிணற்றில் வீசினார். அது ஜம்மென்று மிதந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வேட்டியோடு குதித்து எடுத்தார். சோளத்தட்டுப் போரில் செருகினார். அந்தப் பாழாய்ப்போன எருமை தட்டோடு சேர்த்து அதை இழுத்து வாசலில் போட்டது. அதற்குள் மொபெட் சத்தம். சாணியும் கோமியமும் ஊறிக்கொண்டிருந்த பஞ்சகவ்ய டிரம்முக்குள் அதை அமுக்கி, மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வந்தவர்கள் இருவர்: குழுத் தலைவி கோகிலவாணியும், பக்கத்துக் காட்டு மாதேஸ்வரனும். அடுத்த சோதனை மாதேஸ்வரன் காட்டில்தான்.

"ஏனுங்க, வேட்டி இப்புடி நனஞ்சிருக்குது?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"குளிச்சனுங்க."

"வேட்டியோடவா?"

மாதேஸ்வரன் கொண்டுவந்த கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். "எனக்கு முட்டி வலிங்க. நீங்க மூலமுடுக்கு உடாமப் பாருங்க. இந்தக் காலத்துல யாரையும் நம்பக் கூடாது."

"மொதல்ல கரைசலப் பாக்கோணும். எந்திரீங்க" என்றாள் கோகிலவாணி.

செங்கோடன் எழுந்தார். அவள் தடியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினாள். பாட்டில் குபுக்கென்று மேலே வந்தது.

"அடப்பாவி!" என்று மாதேஸ்வரன் உட்கார்ந்தபடியே அலறினார். "எங்க அத்தன பேரு பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டியே! இவம் பேர இப்பவே அடிச்சுப்போடுங்க!"

செங்கோடனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "என்ற காட்டுல ஒரு சொட்டு மருந்து அடிக்கலீங்க! கெடந்துச்சு. பயந்துபோய் ஒளிச்சுப்போட்டனுங்க!"

"தெரியுமுங்க. போட்டதே நாந்தான்" என்றாள் கோகிலவாணி.

செங்கோடன் டிரம்முக்குள் கைவிட்டுப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

"கழுவுன பாட்டில்தானுங்க. நேத்துப் பொழுதோட எல்லாரு காட்டுலயும் ஆளுக்கொண்ணு போட்டேன். கண்டத மறைக்காமச் சொல்றவங்க கையெழுத்தத்தானுங்க நம்ப முடியும்? இது வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

மாதேஸ்வரனுக்கு வேர்த்துக் கொட்டியது. ராசாத்தி அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அப்ப ஏனுங்கண்ணா, வந்ததுலருந்து நீங்க அந்தக் கூடைய உட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறீங்க?"