பிடரி வைத்த பூனை

தேசப்படம் எழுதியவர்களுக்கு மை தீர்ந்துபோனதால் விடுபட்டுப்போன ஒரு மூலையில் சகடபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மனிதர்களைவிட மாட்டுவண்டிகள் அதிகம். வண்டிகளைவிட மாடுகள் அதிகம். மாடுகளைவிட அறிவிப்புகள் அதிகம்.

அதை ஆண்டவர் மாமன்னர் அசலவர்மர். முடிசூடிய அன்று சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர், உலா போவதற்கு மட்டும்தான் எழுந்திருப்பார். உலா வரும்போது குடிமக்கள் கும்பிட்டால் போதாது. அவர்களுடைய வண்டிகளும் கும்பிட வேண்டும். மாடுகளை அவிழ்த்துவிட்டு நுகத்தடியைத் தரையில் இறக்கினால், வண்டி முன்பக்கம் சாய்ந்து தலைவணங்குவதுபோல் நிற்கும் அல்லவா? அதற்கு 'நுகம் தாழ்த்தல்' என்று பெயர். தாழ்த்தாதவனுக்குச் சிறை. பரம்பரை வழக்கம், யாரும் குறை சொன்னதில்லை. வருஷத்துக்கு ஓர் உலாதானே!

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நாட்டில், ஒரு நாள் பிரதானி நீலலோசனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பிரபு! கடைவீதியில் வண்டிகள் நிற்கின்றன."

"நிற்கட்டுமே. நாம்தான் உட்கார்ந்திருக்கிறோமே?"

"கண்ட இடத்தில் நிற்கின்றன, பிரபு. நிற்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை அரசே செய்தால் மக்கள் அரசைத் திட்டுவார்கள். தனியாரிடம் கொடுத்துவிட்டால் தனியாரைத் திட்டுவார்கள்."

இவ்வளவு தெளிவான நிர்வாகத் தத்துவத்தை மன்னர் அதுவரை கேட்டதில்லை. அன்று மாலையே கடைவீதியும் ஆற்றுத்துறையும் வைத்தியசாலை வாசலும் குபேரதத்தர் என்ற வர்த்தகரின் 'சுகநிலை வணிகக் குழு'வுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. குபேரதத்தர் பிரதானியின் சம்பந்தி என்பது தற்செயல்.

குழுவின் விதி ஒரே வரி. நுகத்தடி தரையைத் தொட்டால் அது நிறுத்தம். நிறுத்தத்துக்குத் தண்டம் ஐந்து வராகன்.

குழுவின் ஆட்கள் சிவப்புத் தலைப்பாகை கட்டினார்கள். அரண்மனைக் காவலர்களின் தலைப்பாகையும் சிவப்புதான். குழுவின் ஓலையில் வட்டமாக ஒரு முத்திரை. அதற்குள் பிடரிமயிரோடு ஒரு மிருகம். அரசருடைய முத்திரையிலும் பிடரியோடு ஒரு மிருகம் உண்டு. மக்கள் பிடரியைப் பார்த்ததுமே கும்பிட்டார்கள். முகம் வரைக்கும் யாரும் போகவில்லை.

ஒச்சாயி வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவள். மயிலை, செவலை என்று இரண்டு காளைகள். அவள் புருஷன் மொக்கைச்சாமி புளியமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவனை வண்டியில் போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தாள். நுகத்தை இறக்கினாள். அவனைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தால், மயிலையின் கொம்பில் ஓலை!

பக்கத்தில் சிவப்புத் தலைப்பாகை ஒன்று நின்றது.

"என்னய்யா இது? கல்யாண ஓலையா?"

"தண்டம். நுகம் தரையில பட்டுருச்சு."

"படாம எப்படிய்யா ஆளை இறக்குறது? கால் ஒடிஞ்ச மனுசன்."

"வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும். நோயாளி குதிச்சு இறங்கிக்கலாம்."

"கால் ஒடிஞ்சவரு குதிக்கிறதா?"

"அதான் உள்ள வைத்தியசாலை இருக்குல்ல?"

வீட்டுக்கு வந்த மொக்கைச்சாமிக்கு மல்லாந்து கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பொழுது போகாமல் ஓலையை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திடீரென்று கத்தினான்.

"ஏ புள்ள! இது சிங்கமில்ல!"

"பெறகு?"

"பூனை! பிடரிய ஒட்டவச்சிருக்கான். மீசையப் பாரு."

ஒச்சாயி வாங்கிப் பார்த்தாள். பூனையேதான். பால் குடித்த திருப்தியோடு இருந்தது.

"அப்ப இது ராசா போட்ட தண்டமில்ல. எவனோ கடைக்காரன் கேக்குற காசு. நான் கட்டமாட்டேன்."

"கட்டிருவோம் புள்ள."

"பூனைன்னு நீதானய்யா சொன்ன?"

"பூனையும் பிறாண்டும்ல?"

அவள் கட்டவில்லை. ஓலைகள் தொடர்ந்து வந்தன. உடனே கட்டினால் பாதி என்றது பச்சை ஓலை. கட்டாவிட்டால் இரட்டிப்பு என்றது மஞ்சள் ஓலை. அப்புறம் சிவப்பில் 'இறுதி எச்சரிக்கை'. அதற்கப்புறம் 'மெய்யான இறுதி எச்சரிக்கை'. கடைசியில் 'இறுதிக்கு அடுத்த எச்சரிக்கை'. காய்ந்த ஓலை, அடுப்பில் நன்றாகப் பற்றிக்கொண்டது. மொக்கைச்சாமி மட்டும் ஒவ்வோர் ஓலைக்கும் ஒரு முறை வியர்த்தான்.

ஊரில் மற்றவர்கள் கட்டினார்கள். பிடரிக்குப் பயந்து சிலர்; பாதி விலைக்கு ஆசைப்பட்டுப் பலர்.

இதற்கிடையில் குபேரதத்தர் ஒன்றைக் கண்டுபிடித்தார். உலா நடந்த அன்றுதான் வசூல் உச்சம். மன்னருக்காக நாடே நுகத்தைத் தரையில் இறக்குகிறதே! மறுநாள் பிரதானி சபையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரபு, தங்களைக் காணாமல் மக்கள் வாடுகிறார்கள்."

மாதம் ஓர் உலா ஆயிற்று. பிறகு வாரம் ஒன்று. பிறகு தினம். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. முன்னால் ரதம் போகும். பின்னாலேயே சிவப்புத் தலைப்பாகைகள் ஓலைக்கட்டோடு போவார்கள். நுகம் தாழ்த்தாவிட்டால் சிறை, தாழ்த்தினால் தண்டம்.

சகடபுரி மக்கள் புத்திசாலிகள். வழி கண்டார்கள். ரதம் வரும் சத்தம் கேட்டதும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியைத் தங்கள் தோளிலேயே வாங்கிக்கொண்டு குனிந்து நின்றார்கள். வண்டி தாழ்ந்திருந்தது, தரையைத் தொடவில்லை. மாடுகள் ஓரமாக நின்று அசைபோட்டபடி வேடிக்கை பார்த்தன.

மன்னருக்கு ஆனந்தக் கண்ணீர். "பார்த்தீரா நீலலோசனரே! மாட்டை விலக்கிவிட்டு மக்களே நுகத்தைச் சுமக்கிறார்கள். வேறெந்த நாட்டில் உண்டு இப்படியொரு பக்தி?"

"இல்லை, பிரபு. மற்ற நாடுகளில் இன்னும் மாடுகள்தான்."

அப்போதுதான் பூனை பிறாண்டியது.

ஒரு விடியற்காலையில் இரண்டு தலைப்பாகைகள் வந்து செவலையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். தண்டம் வரும்வரை மாடு குழுவின் பட்டியில் 'பாதுகாப்பாக' இருக்குமாம். வராவிட்டால் அடுத்த சந்தையில் ஏலமாம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரட்டை மாட்டு வண்டியை என்ன செய்வது? பிழைப்பு போயிற்று. மொக்கைச்சாமிக்குக் கட்டு மாற்ற வேண்டிய நாளும் நெருங்கியது. மாற்றாவிட்டால் கால் கோணிக்கொள்ளும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

ஒச்சாயி நேராக ராஜசபைக்குப் போனாள்.

"மகராசா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தத் தண்டத்தை நீங்க போட்டீகளா?"

மன்னர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி எழுந்தார்.

"அரசு போடவில்லை."

"அப்ப நான் கட்ட வேணாமா?"

"அப்படி அரசு சொல்லவில்லை."

"கட்டணுமா?"

"அப்படியும் அரசு சொல்லவில்லை. இது இரண்டு தனியாருக்கு இடைப்பட்ட விஷயம். குழு ஒரு தனியார். நீ ஒரு தனியார்."

"என் செவலை?"

"அது மூன்றாவது தனியார்."

சபை கைதட்டியது. பிரதானி குரலைத் தணித்து, "அநியாயம் என்று தோன்றினால் முறையீட்டு மன்றம் இருக்கிறது, பெண்ணே. முழுச் சுதந்திரமான மன்றம். குபேரதத்தர் தம் வீட்டு மாடியிலேயே அதற்கு இலவசமாக இடம் கொடுத்திருக்கிறார்" என்றார்.

"வாசல்ல வண்டிய நிறுத்தலாமா?"

"ஐந்து வராகன்."

கட்டு மாற்றும் நாள் வந்தது. ஒச்சாயி மயிலையை ஒரு பக்கம் பூட்டினாள். நுகத்தின் மறுபக்கத்தைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மொக்கைச்சாமி பின்னால் படுத்துக்கொண்டு, "அன்னைக்கே பாதியக் கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"சும்மா கிட. இல்லாட்டி உன்னை இந்தப் பக்கம் பூட்டிருவேன்."

கடைவீதி நடுவில் அவளுக்கு மூச்சு முட்டியது. வண்டி நின்றது. எதிரே முரசு. மன்னரின் மத்தியான உலா!

"விலகு! விலகு!" என்று கத்தினான் ரதசாரதி.

"ஒத்த மாடு, ஒத்தப் பொம்பள. எங்கிட்டு விலக?"

முடிசூடிய நாள் முதல் அரச ரதம் வழியில் நின்றதே இல்லை. அன்று நின்றது. சாரதி குதித்து இறங்கினான். ரதத்தின் இரண்டு குதிரைகளையும் அவிழ்த்து, அவற்றை வைத்து ஒச்சாயியின் வண்டியை ஓரமாக இழுத்துவிடலாம் என்பது அவன் யோசனை. நல்ல யோசனைதான். குதிரைகள் விலகியதும் ரதம் முன்பக்கம் சாய்ந்தது.

தொம்!

அரச நுகத்தடி தரையைத் தொட்டுவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சிவப்புத் தலைப்பாகை வந்தது. வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாளாகவில்லை போலிருக்கிறது, சிரத்தையான ஆள். ஒரு குதிரையின் காதில் ஓலையைச் செருகினான்.

"அடேய்! யாருடைய ரதம் தெரியுமா?" என்று அலறினார் பிரதானி.

"நுகம் யாருதுன்னு விதியில இல்லீங்களே."

மன்னர் ஓலையை வாங்கினார். "நீலலோசனரே! இதில் நம் முத்திரை இருக்கிறதே! நாமே நமக்குத் தண்டம் போட்டுக்கொண்டோமா?"

ஓரத்து வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "மீசையப் பாருங்க மகராசா!"

மன்னர் பார்த்தார். நாட்டை ஆளத் தொடங்கிய பிறகு அவர் ஒன்றை உற்றுப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"பூனை..." என்றார் மெதுவாக.

கூட்டம் நெருங்கி வந்தது. மன்னரே கட்டிவிட்டால் இனி யாரும் கட்டாமல் தப்ப முடியாது. மன்னர் கட்டாவிட்டால் இனி யார் கட்டுவார்கள்? பிரதானி அவர் காதருகே குனிந்தார்.

"உடனே கட்டினால் பாதிதான், பிரபு."

மன்னர் இடுப்பைத் தடவினார். அரசர்கள் பணப்பை வைத்துக்கொள்வதில்லை. பிரதானியைப் பார்த்தார். பிரதானிகள் வைத்துக்கொள்வது வீட்டில். இந்தத் தடவலும் பார்வையும் முடிவதற்குள் தலைப்பாகைக்காரன் ஒரு குதிரையைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போயேவிட்டான். ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்து, பிரதானியும் சாரதியைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுப் பக்கமாக நடந்தார்.

நடுத்தெருவில் ஒற்றைக் குதிரையோடு மன்னர். ஓரத்தில் ஒற்றை மாட்டோடு ஒச்சாயி.

"பட்டி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் மன்னர்.

"நானும் அங்கதான் போகணும். ஏறுங்க மகராசா. பாத்து... அவரு காலு."

மயிலையையும் குதிரையையும் ஒரே நுகத்தில் பூட்டினாள். குதிரை துள்ளியது, காளை நின்று யோசித்தது. எப்படியோ பட்டி வந்து சேர்ந்தார்கள். செவலைக்கு இடம் விட ஒச்சாயி குதிரையை அவிழ்த்தாள். அந்தப் பக்கம் நுகம் சரிந்தது.

"செத்த நேரம் தோள் குடுங்க மகராசா. கீழ பட்டா இன்னொரு ஓலை."

மாமன்னர் அசலவர்மர் கிரீடத்தைப் பின்னால் தள்ளிவிட்டுத் தோள் கொடுத்தார். "இவ்வளவு கனமா இது?" என்றார்.

"வண்டியில அவரு ஒருத்தருதான் இருக்காரு. இது லேசு."

மன்னர் நுகத்துக்கு அடியிலிருந்தே கையை நீட்டி, வாசலில் இருந்த காவலனிடம் தம் முத்திரை மோதிரத்தைக் காட்டினார். "இது அரச ஆணை. பட்டியைத் திற!"

காவலன் மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"எங்க முத்திரை மாதிரி இல்லையே! மீசையக் காணோம். இது போலி." உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "டேய், எல்லாரும் வாங்கடா! ஒரு ஆளு போலி முத்திரையோட வந்து ராசாங்கிறான்!"

பட்டியில் இருந்த அத்தனை தலைப்பாகைகளும் ஓடிவந்து மன்னரைச் சூழ்ந்து நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒச்சாயியை யாரும் கவனிக்கவில்லை. அவள் பட்டியை மூடியிருந்த படலுக்குப் போனாள். படலில் பெரிதாக ஓர் ஓலை: 'திறந்தால் தண்டம்.' கீழே பூனை.

பூட்டைத் தேடினாள். மேலே தடவினாள். கீழே தடவினாள். பூட்டே இல்லை. கயிறுகூட இல்லை. ஓலை மட்டும்தான்.

ஒரு தள்ளு தள்ளினாள். திறந்துகொண்டது.

"செவலே!"

செவலை முதலில் வந்தது. அதன் பின்னே ஊரார் மாடுகள் எல்லாம் வந்தன. அரண்மனைக் குதிரை மட்டும், முறைப்படி யாராவது வந்து அழைக்கட்டும் என்று கடைசிவரை உள்ளேயே நின்றது. தலைப்பாகைகள் திரும்பிப் பார்த்தபோது புழுதிதான் இருந்தது. அவர்கள் மாடுகளைத் துரத்திக்கொண்டு ஓடிய நேரத்தில் செவலையைப் பூட்டி, மன்னரின் தோளை விடுவித்து, ஒச்சாயி வைத்தியசாலைத் தெருவில் திரும்பிவிட்டாள்.

அன்று இரவு அரண்மனையில் விளக்கு அணையவில்லை என்று சொல்கிறார்கள். நுகம் சுமந்த மன்னர் இனி நம் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார் என்று ஊர் பேசிக்கொண்டது. காலையில் கடைவீதித் தூணில் புதிய ஆணை தொங்கியது. கூட்டம் கூடியது. ஒச்சாயி வண்டியை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள்.

"என்னய்யா எழுதியிருக்கு?"

முன்னால் நின்ற எண்ணெய் வியாபாரி உரக்க வாசித்தார். "இனி அரச ரதத்துக்குத் தண்டம் கிடையாதாம்!"

"நமக்கு?"

"பட்டிக்கு அரசாங்கச் செலவுல பூட்டு போடப்போறாங்களாம்!"

கூட்டம் பழக்கதோஷத்தில் கும்பிடக் கையைத் தூக்கியது.

"இருங்கய்யா, இருங்க!" வண்டிக்குள்ளிருந்து மொக்கைச்சாமி எழுந்து உட்கார்ந்தான். "முத்திரையப் பாத்தீகளா?"

"பிடரி இருக்கு..."

"அதுக்குக் கீழ!"

தூக்கிய கைகளை இறக்கிவிட்டு, மொத்தக் கூட்டமும் தூணை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

"மீசை இருக்கு!" என்றார் எண்ணெய் வியாபாரி.

"அப்படியா? பிச்சு வண்டியில போடுங்க" என்றாள் ஒச்சாயி. "வீட்டுல அடுப்பெரிக்க ஓலை தீந்துபோச்சு."