பெரில் இல்லாத இசைத்தட்டு

அறுபத்து மூன்று வயதில் வில்ஃப் அக்ராய்ட் ஒரு சபதம் எடுத்தார். கண்ணை மூடுவதற்குள் ஒரு இசைத்தட்டு போட்டுவிட வேண்டும். வெறும் கிடார், வெறும் குரல். பாட்டெல்லாம் அமெரிக்கா. புழுதிச் சாலை, சரக்கு ரயில், டென்னசியில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்.

வில்ஃப் அமெரிக்காவைப் பார்த்தவரில்லை. இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே, மழை விட்டால் ஊரே சந்தேகப்படும் டாட்மார்டனில், ஆயுசு முழுக்க அடுத்தவர் வீடுகளில் மண்டியிட்டுக் கம்பளம் பதித்தவர். பாட்டுகள் எல்லாம் மண்டியிட்ட நிலையில் பிறந்தவை.

சபதத்துக்கு ஒரே இடைஞ்சல், மனைவி பெரில்.

"என்ன பாட்டு இது?"

"அமெரிக்கானா."

"அமெரிக்கான்னா? பாதியில நிறுத்தாம சொல்லு. அமெரிக்கான்னா என்ன?"

"அதான் இந்தப் பாட்டு வகைக்குப் பேரே. அமெரிக்கானா."

"சரி, மிசிசிப்பின்னு வர்றப்ப மட்டும் ஏன் மூக்கால பாடுற? ஜலதோஷமா?"

"அந்த ஊர்க்காரங்க அப்படித்தான் பாடுவாங்க."

"அவங்க அந்த ஊர்க்காரங்க. நீ இதோ இருக்கற பிளாக்பூல் கடற்கரைக்குப் போற வழியிலேயே வாந்தி எடுத்தவன்."

இப்படிப்பட்ட ஒரு வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனால் பாட முடியும்? வில்ஃப் யோசித்தார். விட்பி கடற்கரையில் பெரிலின் அக்கா ஐவி இருக்கிறாள். ஒரு வாரத்துக்கு அங்கே அனுப்பிவிட்டால் வீடு அமைதியாகிவிடும். தானே போய் டிக்கெட் வாங்கி வந்து நீட்டினார்.

"கடல் காத்து உனக்கு நல்லது பெரில். முகம் வாடிப்போயிருக்கு."

பெரில் டிக்கெட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "ரொம்பத்தான் அக்கறை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் மால்கம் வந்தான். அடுத்த தெருக்காரன், பழைய சிநேகிதன். ஒலிப்பதிவுக் கருவிகளைச் சேர்ப்பது அவனுக்குப் பைத்தியம். வில்ஃப் தன் கையால் கம்பளம் பதித்த முன்னறையில் எதிரொலி எட்டிப் பார்க்காது என்பதால் அங்கேயே மைக்கை நட்டார்கள்.

வில்ஃப் பாடினார். மால்கம் நெற்றியைச் சுருக்கினான்.

"ஏம்ப்பா, ஒவ்வொரு அடி முடிஞ்சதும் ஏன் நிறுத்துற?"

"நான் எங்க நிறுத்தினேன்?"

"நிறுத்துற. பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கிற. அப்புறம்தான் அடுத்த அடிக்குப் போற."

"மூச்சு வாங்குதுடா. வயசாகலையா?"

அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, அன்று சாயங்காலம் தனியாகத் தேநீர் குடிக்கும்போது அவருக்கு அந்தக் கோடைக்காலம் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். டாட்மார்டனிலேயே வெயில் கொளுத்திய அதிசய வருஷம். 'கறுப்பு வாத்து' மதுக்கடையில் சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். அவர் ஒரு அடி பாடுவார். மஞ்சள் கவுனில் பெரில் அதை அப்படியே வாங்கி மேலே கொண்டுபோவாள். பியர் கோப்பைகள் பாதி வழியில் நிற்கும். திரும்பும்போது கம்பளச் சுருள் ஏற்றிய வேனில், மேட்டு நிலத்துச் சாலையில், ஆடுகளைத் தவிர யாருமில்லாத இடத்தில் அதே பாட்டை மறுபடி பாடுவார்கள். பிறகு குழந்தைகள் வந்தன. ஒரு சனிக்கிழமை பெரில் வீட்டில் தங்கினாள். அடுத்த சனிக்கிழமையும் தங்கினாள். அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிடவில்லை. வில்ஃபும்தான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரிலின் கைபேசிக்குக் கூப்பிட்டார்.

"கடல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அலைச் சத்தம் கேக்கலையா?"

கேட்டது. 'சோ'வென்று ஒரே சீராக, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. நடுவே கடற்பறவை ஒன்று கத்தியது. கத்திவிட்டு இருமியது.

"பறவை இருமுதே?"

"இங்க ஊதக்காத்து அதிகம். நீ என்ன பண்ற?"

"சும்மாதான் இருக்கேன்."

"சும்மாவே இரு" என்று வைத்துவிட்டாள்.

வாரம் முடிந்தது. பதிவும் முடிந்தது. பெரில் திரும்பி வந்து, எதுவும் தெரியாதவளாக உருளைக்கிழங்கு உரித்தாள். சில வாரம் கழித்து மால்கம் அட்டைப்பெட்டியோடு வந்தான். தட்டு தயார். வில்ஃப் கதவைச் சாத்திவிட்டு முதல் பாட்டைப் போட்டார்.

கிடார். பிறகு அவர் குரல். டென்னசிப் பெண்ணைப் பற்றிய முதல் அடி. பிறகு அந்த மௌனம்.

மௌனம் காலியாக இல்லை. அதில் ஒரு குரல் எழுந்தது. கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் அதே குரல். அவர் விட்ட அடியை வாங்கி மேலே கொண்டுபோயிற்று. ஏதோ ஞாபகத்தில் கேட்கிறது என்று வில்ஃப் முதலில் நினைத்தார். பிறகு மால்கமின் முகத்தைப் பார்த்தார்.

"உன் பாட்டுல பாதி இடம் காலியா கெடந்துச்சு. வாடகைக்கு விட்டுட்டேன்" என்றான் மால்கம்.

கதவு திறந்தது. கையில் கத்தியும் கிழங்குமாகப் பெரில்.

"நீ விட்பிக்கே போகலையா?"

"மால்கம் வீட்டு மாடியைத் தாண்டலை. நீயே டிக்கெட் வாங்கித் தர்றேன்னா ஊர்ல என்னமோ நடக்கப்போகுதுன்னு அர்த்தம். அவனைக் கேட்டேன், கக்கிட்டான்."

"அப்ப அந்த அலை?"

"குளியலறைக் குழாய்."

"பறவை?"

மால்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான்.

"நான் சுதி சேக்கறதா நினைச்சுட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் சதி சேத்திருக்கீங்க!"

"கேலி பண்ணத்தான் போனேன்" என்றாள் பெரில். அவள் குரல் தணிந்திருந்தது. "அவன் நீ பாடினதைப் போட்டுக் காட்டினான். நீ ஒவ்வொரு அடிக்கும் நின்னே. இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கே."

"அது எனக்கே தெரியாது பெரில்."

"உனக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன், மடையா."

வில்ஃப் பாட்டை நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து போட்டார். மூன்று பேரும் கடைசிப் பாட்டுவரை எழுந்திருக்கவில்லை. அடுப்பில் கிழங்கு இல்லாமலே தண்ணீர் வற்றியது.

வெளியீட்டு விழாவைக் 'கறுப்பு வாத்'திலேயே வைத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். கோப்பைகள் பாதி வழியில் நின்றன. முடிந்ததும் பெரிலைச் சுற்றி ஒரே கூட்டம். பெட்டியில் ஒரு தட்டுகூட மிச்சமில்லை. கிடாரை உறையில் வைத்துக்கொண்டிருந்த வில்ஃபின் தோளை ஒரு கிழவர் தட்டினார். ஊருக்குப் புதியவர்; கூட்டத்துக்குப் பின்னால் நின்று பாட்டைக் கேட்டாரே தவிர, பாடியவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை; கண் ஈரமாக இருந்தது.

"தம்பி, அந்தம்மா மனசை உருக்கிட்டாங்க. அடுத்த தட்டு போடறப்ப அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நடுநடுவே மூக்கால ஒரு ஆள் குறுக்க வர்றானே, அவனை எடுத்துடச் சொல்லுங்க."