அறுபத்து நாலு வீடு

"கயித்துல கைய வெச்சே, அவ்ளோதான் சொல்லிட்டேன்!"

மாமா பரந்தாமன் போட்ட சத்தத்தில் தாட்சாயிணி கையை எடுத்துக்கொண்டாள்.

தாழங்கரை கிராமத்து ஏரிக்கரைத் தெருவுக்கு எதிரே இருந்த மேட்டில் அரசாங்கம் நேற்றுதான் ஒரு போர்டு நட்டிருந்தது. எவரும் படித்து முடிப்பதற்குள் மாமா தன் மகள் திவ்யாவின் மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸை அதன்மேல் கட்டிவிட்டார். மேல் இரண்டு வரி மட்டும் தப்பித்தது: 'அடுக்குமாடிக் குடியிருப்பு. 64 வீடுகள்.'

"கீழ இன்னா எழுதிகீதுன்னு பாத்துட்டு கட்டிடறேன் மாமா."

"விசேஷமே இன்னும் வரல, அதுக்குள்ள என் பொண்ணு மூஞ்சியக் கழட்டுவியா? ஒறமொறைங்க இன்னா பேசுவாங்க? உன் மூஞ்சியும்தான அதுல கீது?"

இருந்தது. சொந்தக்காரர்கள் வரிசையில் கடைசியாக, பட்டமளிப்பு அங்கியில், 'தாட்சாயிணி, பி.காம்.' என்று. அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்தப் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போட்ட ஒரே இடம் அந்த ஃப்ளெக்ஸ். விட்டுவிட்டாள்.

இரண்டு வரியே தெருவைக் கலக்கப் போதுமானதாக இருந்தது.

"சிட்டிலேர்ந்து யார் யாரையோ இட்டாந்து கொட்டப் போறாங்களாம்" என்றார் மாமா.

"நம்ம தெரு அறுபத்து நாலு ஊடு. அவங்களும் அறுபத்து நாலு. ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி வர்ற தண்ணி இனிமே நாலு நாளைக்கு ஒருவாட்டிதான்" என்றாள் தாட்சாயிணி.

அம்மா கன்னியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டட வேலைக்குப் போன இடத்திலெல்லாம் மீந்த செங்கல்லைக் கேட்டு வாங்கி, இருபது வருடமாகக் கட்டிய வீடு. பட்டா கிடையாது.

"வர்றவங்களுக்குப் பட்டா குடுத்துட்டு நம்மள வெரட்டிடுவாங்களாடி?"

"நான் எதுக்கும்மா படிச்சேன்?"

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தண்ணீர் போதாது என்று முதல் மனு. தாலுகா ஆபீஸில் கிளார்க் ஸ்ரீநாத் அதை ஓரமாகத் தள்ளினார். "தண்ணி எந்த ஊர்லம்மா இருக்கு? இதெல்லாம் ஒரு காரணமா?"

மறுநாளே இரண்டாவது மனு. இது ஏரி இடம், இங்கே மனிதர் குடியிருக்கவே கூடாது.

"அது மேடாச்சேம்மா. மேட்டுக்கு எப்படித் தண்ணி ஏறும்?"

தாட்சாயிணி போனை எடுத்து நீட்டினாள். போன மழையில் எடுத்த படம். இடுப்பளவு தண்ணீரில் அம்மா கேஸ் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"தெருவுலயே இவ்ளோ நிக்குது. இது ஏரி இல்லாம இன்னா சார்?"

"நீங்க இருக்கற தெருவா இது?"

"எங்க ஊட்டு வாசல் சார்!" ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "சந்தேகமா இருந்தா பிரிண்ட் போட்டே குடுக்கறேன்."

குமணன்சாவடிக்குப் போய்க் கலரில் பன்னிரண்டு படம் பிரிண்ட் போட்டுவந்து கொடுத்தாள். ஸ்ரீநாத் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உங்க தெருக்காரங்க எல்லாருமே அந்தக் கட்டடம் வேணாம்னு சொல்றாங்களா? எல்லாருமா?"

மிரட்டுகிறான் என்று தோன்றியது. மிரட்டினால் அடங்குகிறவளா அவள்? வீடு வீடாக ஏறினாள். மாமா முதல் கையெழுத்து. அறுபத்து நாலு குடும்பம், கதவு எண், கரண்டு பில் எண், எல்லாம் கட்டம் போட்டு. கல்லூரியில் கற்ற ஒழுங்கு விடவில்லை. 'பட்டா' என்று ஒரு கட்டமும் போட்டு, அறுபத்து நாலு இடத்திலும் 'இல்லை' என்று எழுதினாள்.

ஸ்ரீநாத் அதை இரண்டு தடவை புரட்டினார். "நல்லா யோசிச்சுதான் பண்றீங்களா மேடம்?"

அதுவரை அவளை யாரும் மேடம் என்றதில்லை. பயந்துவிட்டான் என்று முடிவுகட்டினாள்.

அடுத்த வாரம் அளவு சங்கிலியோடு நான்கு பேர் வந்தார்கள். மேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. தெருவை அளந்தார்கள்.

"நம்ம ஊட்ட எதுக்குடி அளக்கறாங்க?"

"நாம நெஜமாவே இங்க கீறமான்னு செக் பண்றாங்கம்மா" என்றாள்.

ஆனால் கடிதம் வந்தேவிட்டது. 'பொதுமக்களின் ஒருமித்த எதிர்ப்பினால் குடியிருப்புத் திட்டம் கைவிடப்படுகிறது.' மாமா பத்தாயிரம் வாலா கொளுத்தினார். அம்மா பல நாள் கழித்து வயிறார ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை கிராம உதவியாளர் துலுக்கானம் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து, கன்னியம்மாள் வீட்டுச் சுவரில் 1 என்று எழுதினார்.

"இன்னா நம்பர்ணே இது?"

"இடிக்கறதுக்கு. ஏரி இடம், ஆள் இருந்தா ஆபத்து, ஒடனே காலி பண்ணணும்னு ஆர்டர். போட்டோ இன்னா, லிஸ்ட்டு இன்னா, ஆதாரம் அவ்ளோ நீட்டா போயிருக்காம்."

கன்னியம்மாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாட்சாயிணி துலுக்கானத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இடிச்சா நாங்க எங்கண்ணே போவோம்?"

துலுக்கானம் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டார். போர்டையும் கழற்றியாக வேண்டும் என்று மேட்டுக்கு நடந்தார். தாட்சாயிணி பின்னாலேயே ஓடினாள். அவர் கத்தியால் கயிற்றை அறுத்தார். திவ்யா விழுந்தாள், மாமா விழுந்தார், கடைசியாக பி.காம். விழுந்தது. அந்த முகம் இத்தனை நாளும் மறைத்துக்கொண்டிருந்த மூன்றாவது வரி தெரிந்தது.

'பயனாளிகள்: ஏரிக்கரைத் தெருவின் 64 குடும்பங்கள். பட்டாவுடன்.'

துலுக்கானம் பிரஷ்ஷால் அந்த வரியைக் காட்டினார்.

"இங்கதாம்மா போறதா இருந்துச்சு. யாரோ ஒரு மேடம் வாணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம்."